அது மிக் இல்லை, கிரண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உங்கள் மதுரைப் பதிப்பில் ஒரு படம் வந்திருந்தது. திருமங்கலம் சாலையில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரி வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் விமானத்துக்கு முன்னால் நாலு மாணவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே, மிக்-21 போர் விமானம் முன்பு மாணவர்கள் உற்சாகம் என்று போட்டிருந்தீர்கள். உங்கள் நிருபர் மேல் தப்பு இல்லை. கல்லூரிக்காரர்கள் அங்கே நட்டு வைத்திருக்கும் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, அவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் அது மிக்-21 இல்லை. போர் விமானமே இல்லை. அதன் பெயர் கிரண். பெங்களூரில் நம் ஆட்கள் வரைந்து, நம் ஆட்கள் செய்து, விமானப்படையில் சேர்ந்த பையன்களுக்கு ஜெட் ஓட்டப் பழக்கிய விமானம்.

இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் சோழவந்தான் பக்கம் தென்கரைக்காரன். 1973இல் விமானப்படையில் சேர்ந்து, இருபது வருஷம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக வேலை பார்த்துவிட்டு சார்ஜென்டாக வெளியே வந்தேன். இன்ஜின்காரர்கள் இன்ஜினைப் பார்ப்பார்கள், எலெக்ட்ரிக்கல்காரர்கள் வயரைப் பார்ப்பார்கள். மிச்சம் இருக்கிற உடம்பு, இறக்கை, சக்கரம், பிரேக், ஹைட்ராலிக் எல்லாம் எங்கள் தலையில். அந்த இருபதில் பாதிக்கு மேல் ஹைதராபாத் பக்கத்து ஹக்கிம்பேட்டையிலும் நம்ம தாம்பரத்திலும் கிரணுக்கு அடியில்தான் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன். அடிவயிற்றைப் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடிய உறவு எனக்கும் அதற்கும்.

படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பேப்பர் படத்தை நம்பி எழுதக் கூடாது என்று, போன சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். வீட்டில், "அவங்க என்னமோ எழுதிட்டுப் போறாங்க, வேகாத வெயில்ல உங்களுக்கு ஏன்?" என்றார்கள். கேட்கவில்லை.

வாசல் காவலர் முதலில் உள்ளே விடவில்லை. "பெரியவரே, அட்மிஷனுக்கா?" என்றார். பேத்தியைக் காட்டி, இன்னும் அஞ்சு வருஷம் கழித்து வருகிறோம், இப்போது விமானத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றேன். சிரித்துவிட்டு விட்டார்.

மிக்-21இன் மூக்கைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூக்கே ஒரு ஓட்டை. காற்று அதன் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும், அந்த ஓட்டையின் நடுவில் கூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கை முக்கோணமாக இருக்கும், ஒரே ஒரு ஆள் உட்காரும் காக்பிட். கல்லூரி வாசலில் நிற்பதற்கு மூக்கில் ஓட்டை இல்லை, உருண்டையாக மூடியிருக்கிறது. காற்று போகும் வாய் இரண்டு விலாவிலும் இருக்கிறது. இறக்கை நேராக நீட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காக்பிட்டில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இடம். அதனால்தான் முன்பக்கம் அகலமாகி, பின்னால் வால் ஒடுங்கி, கண்மாயில் திரியும் தலைப்பிரட்டை மாதிரி ஒரு உருவம். இதைப் போய் மிக் என்றால் எப்படி? பலகையில் இன்னொரு வரியும் இருக்கிறது, ஒலியை விட வேகமாகப் பறக்கக்கூடியது என்று. கிரணின் உச்ச வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரை ஒட்டி. தரை மட்டத்தில் ஒலியின் வேகம் 1,200க்கு மேல். வயசான காலத்தில் அதற்கு இப்படியொரு பேர் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் இறக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். குனிய முடிந்தது, நிமிரத்தான் பேத்தி கை கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக, ஆயுதமோ உபரி எரிபொருள் டேங்க்கோ மாட்டும் கொக்கி இடம் இருக்கிறது. மூக்கில் துப்பாக்கி ஓட்டை இல்லை. ஆகவே இது கிரண் மார்க் 1-ஏ. முதலில் வந்த மார்க் 1இல் இந்தக் கொக்கி கிடையாது. கடைசியாக வந்த மார்க் 2இல் பக்கத்துக்கு இரண்டு கொக்கி, மூக்கில் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி இரண்டு. பலகையில் இதையும் சேர்த்து எழுதலாம்.

பேத்தி கேட்டாள்: "தாத்தா, இது எந்தச் சண்டையில சுட்டுச்சு?" இது சுடவில்லையம்மா, சுடப் பழக்கியது என்றேன். அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். சரி, அந்த ஏமாற்றம்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் புதுக்காளையை உழவுக்குப் பழக்கும்போது அதைத் தனியாக விட மாட்டார்கள். பழகிய கிழட்டு மாட்டோடு சோடி சேர்த்து நுகத்தில் பூட்டுவார்கள். அது நின்றால் இதுவும் நிற்கும். இது மிரண்டு இழுத்தாலும் அது அசையாது. பத்து நாளில் காளைக்குச் சால் பிடிபட்டுவிடும். ஜெட் விமானம் வந்த புதிதில் இந்தச் சோடி மாடு இல்லை. 1940களில் ஜெட் போர் விமானங்கள் பெரும்பாலும் ஒற்றை இருக்கை. புரொப்பெல்லர் விமானம் ஓட்டியவனை இறக்கை மேல் நின்று எது எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டிவிட்டு, போய் வா என்று அனுப்பியிருக்கிறார்கள். புரொப்பெல்லர் வண்டியில் த்ராட்டிலை, அதாவது வேகம் கூட்டும் கைப்பிடியை, தள்ளினால் உடனே இழுக்கும். அந்தக் கால ஜெட் இன்ஜின் அப்படி இல்லை. தள்ளினால் சில நொடி யோசித்துத்தான் வேகம் பிடிக்கும். தரையிறங்கும்போது தாழப் பறந்து, ஐயோ குறைந்துவிட்டதே என்று தள்ளினால், இன்ஜின் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். வேகத்தைக் குறைக்கிறதும் அப்படித்தான். முன்னால் காற்றைத் தடுக்கும் புரொப்பெல்லர் இல்லாததால் வழுக்கிக்கொண்டே போகும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து, "இப்பத் தள்ளு, இப்பத் தள்ளு" என்று சொல்ல வேண்டும்.

முதலில் வந்தவை ஏற்கெனவே இருந்த போர் விமானத்தை இழுத்து நீட்டி இரண்டாவது இருக்கை வைத்தவைதான். பிரிட்டிஷ்காரர்களின் மீட்டியோர் டி-7 பறந்தது 1948 மார்ச் 19. அமெரிக்க லாக்ஹீட் டி-33 பறந்தது அதே மாதம் 22. மூணு நாள் வித்தியாசம்! இரண்டு நாட்டுக்காரனும் ஒரே நேரத்தில் ஒரே வலியை உணர்ந்திருக்கிறான். டி-33 என்பது எஃப்-80 போர் விமானத்தின் உடம்பை வெட்டி மூணு அடி சொச்சம் நீட்டியது. கனடாவிலும் ஜப்பானிலும் செய்ததையும் சேர்த்து 6,500க்கு மேல் செய்தார்கள், பொலிவியா விமானப்படை 2017 வரை வைத்திருந்தது. மீட்டியோர் பயிற்சி விமானத்தில், ஆபத்தில் ஆளை வெளியே தூக்கி எறியும் எஜெக்ஷன் சீட்டே கிடையாது. ஏதாவது என்றால் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடியை, கேனபியை, திறந்து தாங்களே குதிக்க வேண்டும். அதில் பழகியவர்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நம் விமானப்படைக்கு முதலில் வந்த ஜெட், வாம்பயர். 1948இல். அதன் இரண்டு இருக்கை வகை டி-55. நான் ஹக்கிம்பேட்டை போகும்போது அதெல்லாம் போய்விட்டது. ஆனால் எங்கள் வாரண்ட் ஆபீசர், கும்பகோணத்துக்காரர், வாம்பயரில் வேலை பார்த்தவர். "நீங்கள்லாம் தகரம் தட்டுறவன்கள்டா, நாங்க மரவேலைக்காரன்கள்" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்தேன். இல்லை, நிஜம். வாம்பயரின் முன் உடம்பு பிளைவுட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் பால்சா மரத்தை வைத்து ஒட்டிச் செய்தது. ஜெட் இன்ஜினுக்கு முன்னால் பலகைக் கூண்டு. மழைக்காலத்தில் அதற்குத் தனி கவனிப்பு வேண்டும் என்பார்.

போர் விமானத்தை நீட்டாமல், முதலிலேயே வாத்தியார் வேலைக்கென்று வரைந்த ஜெட்டுகள் அதற்கப்புறம்தான். நெதர்லாந்தின் ஃபோக்கர் எஸ்-14, 1951 மே மாதம் பறந்தது. அது இருபது சொச்சத்தோடு நின்றுபோனது. பிரான்ஸின் ஃபூகா மஜிஸ்டர் 1952இல் வந்தது. ஆங்கில வி எழுத்து மாதிரி இரண்டே மட்டை வால். பிரிட்டனின் ஜெட் ப்ராவோஸ்ட் 1954 ஜூன். அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். புரொப்பெல்லர் வைத்த ப்ராவோஸ்ட்டின் உடம்பில் ஜெட் இன்ஜினைத் திணித்தது. புரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்க அதற்கு உயரமான கால் இருந்தது. புரொப்பெல்லர் போன பிறகும் முதல் வகையில் அந்தக் கால் அப்படியே கொக்குக் கால் மாதிரி நின்றது. அப்புறம் வந்த வகைகளில்தான் குட்டையாக்கினார்கள். அதே 1954 அக்டோபரில் அமெரிக்காவின் செஸ்னா டி-37. அது போடும் விசில் சத்தத்துக்கு அங்கே நாய் விசில் என்றே பட்டப்பெயர்.

இந்த வரிசையில்தான் நம் கிரண். டாக்டர் காட்கே தலைமையில் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில், சுருக்கமாக ஹெச்ஏஎல்லில், வரைந்தது. அவர் ஜெர்மனியில் கோட்டிங்கனில் பிராண்ட்டல் என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்தவர். நம் நாட்டு ஹெச்டி-2 புரொப்பெல்லர் பயிற்சி விமானமும் அவர் கைவண்ணம்தான். கிரண் முதலில் பறந்தது 1964 செப்டம்பர் 4. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். பெங்களூரில் ஹெச்ஏஎல் பக்கம் போகிறவர்கள் சுரஞ்சன் தாஸ் ரோடு என்று பலகை பார்த்திருப்பார்கள், அவர்தான். இன்னொரு விமானத்தைச் சோதித்தபோது 1970இல் இறந்துபோனார்.

கிரணின் இன்ஜினைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வைப்பர் என்று பெயர். பிரிட்டனில் செய்தது. அது முதலில் எதற்காகச் செய்தது தெரியுமா? ஜிண்டிவிக் என்று ஆளில்லாமல் பறக்கும் ஒரு குறி விமானத்துக்காக. பீரங்கியும் ஏவுகணையும் சுட்டுப் பழக அனுப்பும் விமானம். எப்படியும் சுட்டு விழப்போகிறது, அதனால் பத்து மணி நேரம் ஓடினால் போதும் என்ற கணக்கில் செய்த இன்ஜின். போட்ட ஆயிலைத் திருப்பி எடுக்கும் ஏற்பாடுகூட இல்லை, எரித்துத் தள்ளிவிடும். அப்படிப் பிறந்ததைத் திருத்தித் திருத்தி ஆயுளை நீட்டினார்கள். கடைசியில் ஜெட் ப்ராவோஸ்ட்டிலும், இத்தாலியின் மாக்கி எம்பி-326இலும், நம் கிரணிலும் அதுதான். சாகப் பிறந்த இன்ஜின், வருஷக் கணக்காகப் பையன்களைப் பத்திரமாக இறக்கிக்கொண்டிருந்தது.

மார்க் 2இல் இன்ஜின் மாறியது. ஆர்ஃபியஸ். 1965, 1971 சண்டைகளில் பேர் வாங்கிய நேட் விமானத்தின் இன்ஜின் அது. வைப்பரின் தள்ளுவிசை 1,130 கிலோ அளவு, ஆர்ஃபியஸ் 1,900 கிலோ. 1976 ஜூலையில் பறந்து காட்டினாலும், படைக்கு வர 1985 ஆகிவிட்டது. நான் தாம்பரம் வந்த சமயம் அது புதுசு. அதே உடம்பில் வேற ஆள் மாதிரி இருக்கும்.

இப்படிப் பயிற்சி விமானத்துக்குப் பெரிய இன்ஜினும் துப்பாக்கியும் கொடுப்பது எல்லா நாட்டிலும் நடந்தது. ஜெட் ப்ராவோஸ்ட் கடைசியில் ஸ்ட்ரைக்மாஸ்டர் ஆனது. டி-37க்கு இரண்டு மடங்குக்கு மேல் விசை உள்ள இன்ஜின்களைப் போட்டு ஏ-37 என்று வியட்நாமுக்கு அனுப்பினார்கள். ஃபூகா மஜிஸ்டரை இஸ்ரேல் 1967 சண்டையில் தரைத் தாக்குதலுக்கே இறக்கியது. மாக்கியைத் தென்னாப்பிரிக்கா இம்பாலா என்று பேர் மாற்றி, ஒற்றை இருக்கை வகையும் செய்தது. எனக்கு இதில் பெரிய உடன்பாடு இல்லை. வாத்தியார் கையில் அரிவாளைக் கொடுத்து வாசலில் நிறுத்தின மாதிரி இருக்கிறது. ஆனால் பணம் குறைச்சலான நாடுகள் வேறென்ன செய்யும் என்றும் தோன்றும்.

பக்கத்துப் பக்கத்து இருக்கை நல்லதா, முன்னும் பின்னுமான இருக்கை நல்லதா என்று எங்கள் ஹேங்கரில் பெரிய தர்க்கமே நடக்கும். ஹக்கிம்பேட்டையில் இரண்டும் இருந்தது. கிரண் பக்கத்துப் பக்கம். 1975-76இல் போலந்திலிருந்து வந்த இஸ்க்ரா முன்பின். ஐம்பது வாங்கினார்கள். இஸ்க்ராவின் புகைக்குழாய் நடு உடம்பின் அடியிலேயே முடிந்துவிடும், வால் மட்டும் மேலே தனியாக நீண்டு போகும். கரண்டிக் காம்பு மாதிரி. முன்பின் இருக்கைதான் போர் விமானத்துக்கு நெருக்கம், பையன் தனியாக இருப்பதாகவே உணர்வான் என்பார்கள் ஒரு கட்சி. நான் கிரண் கட்சி. வாத்தியாருக்குப் பையனின் கை தெரியும், கண் எங்கே போகிறது என்று தெரியும், முழங்கால் நடுங்குவதும் தெரியும். டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மாதிரி. இப்போது கர்நாடகத்துப் பீதரில் இருக்கும் ஹாக் ஜெட் பயிற்சி விமானம் முன்பின்தான். என் கட்சி தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த முழங்காலைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. 1979 கோடையில் ஒரு காலை. ஒரு கேடட் கிரணில் முதல் சோலோ, அதாவது வாத்தியார் இல்லாமல் தனியாகப் பறப்பது, முடித்துவிட்டு இறங்கி, தரையிலேயே உருட்டிக்கொண்டு வந்து எங்கள் இடத்தில் நிறுத்தினான். சக்கரத்துக்குக் கட்டை போட்டேன். இன்ஜின் அடங்கியது. கேனபி திறந்தது. பையன் இறங்கவில்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், இன்ஜினை நிறுத்தியவன் மறுபடி ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். பக்கத்து இருக்கை காலி, பெல்ட்டுகளை இறுக்கிக் கட்டி வைத்திருந்தது. முதலில் எஜெக்ஷன் சீட்டுக்குப் பாதுகாப்புப் பின்னைச் சொருகினேன், அதுதான் விதி, எது நடந்தாலும் அதுதான் முதலில். அப்புறம் அவன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கையுறை முழுக்க நனைந்திருந்தது. "காலி சீட்டைப் பார்த்துட்டே வந்தேன்" என்றான் இந்தியில். அன்று சாயந்திரம் எங்கள் டீ ரூமுக்கு ஒரு டப்பா லட்டு வந்தது. பின்னால் அவன் போர் விமானத்துக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். எந்த ஸ்குவாட்ரன் என்று தெரியாது. ஃபிட்டர்களுக்கு யாரும் கடிதம் போடுவதில்லை.

எங்கள் வேலை என்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன விஷயம்தான். விடியுமுன் வரிசையாகக் கைகோத்த மாதிரி நடந்து விமானம் நிற்கும் தளத்தில் கல், ஆணி பொறுக்குவோம். கிரணின் காற்று வாய் தாழ்வு, ஒரு ஜல்லி உள்ளே போனால் இன்ஜின் போச்சு. கேடட்டுகள் தொப்பென்று போட்டு இறக்கினால் சக்கரக் காலை மறுபடி முழுக்கப் பார்க்க வேண்டும், அதை எழுதி ஃபார்ம் 700 என்ற பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் அந்த விமானத்தில் போகும் இரண்டு உயிர் என் பொறுப்பு. ஒரு தடவை தாம்பரத்தில் கருவிப் பெட்டியில் ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தது. மூணு விமானத்தை நிறுத்தி, காக்பிட் தரையைக் கழற்றி, மத்தியானம் சாப்பாடு இல்லாமல் தேடினோம். கடைசியில் அது என் ஓவரால் பாக்கெட் கிழிசல் வழியாக முழங்கால் பக்கம் இறங்கி இருந்தது. ஒரு வாரத்துக்கு எல்லாரும் என்னைப் பார்த்தால் முழங்காலைத் தட்டிக்காட்டினார்கள். தாம்பரத்தில் எங்களிடம் வந்தவர்கள் கேடட்டுகள்கூட இல்லை, வாத்தியாராகப் போகிறவர்கள். பறக்கும் பயிற்றுநர் பள்ளி அங்கேதான். வாத்தியாருக்கு வாத்தியார் வேலையும் கிரணே பார்த்தது.

நான் வெளியே வந்த பிறகுதான் அதற்குப் பெரிய பேர் கிடைத்தது. 1996இல் சூரிய கிரண் என்ற விமான சாகச அணியை ஆரம்பித்து, ஒன்பது கிரண் மார்க் 2 இறக்கை உரசுகிற மாதிரி ஊர் ஊராகப் பறந்தது. டிவியில் காட்டும்போதெல்லாம் தெருப் பையன்களைக் கூப்பிட்டு, இதுடா நான் கழுவின வண்டி என்பேன். 2011 பிப்ரவரியோடு அது நின்றது, 2015இல் ஹாக் விமானத்தோடு அணி திரும்ப வந்தது. கிரணை ஏன் எடுத்தார்கள்? பயிற்சிக்கு விமானம் பற்றவில்லை, அதனால்தான். 2009இல் ஆரம்பநிலைப் பயிற்சி விமானம் தீபக்கை விபத்துக்குப் பிறகு தரையிறக்கிவிட்டார்கள். முதல் வகுப்புப் பாடமும் கிரண் தலையில் விழுந்தது. 2013இல் சுவிட்சர்லாந்திலிருந்து பிலாட்டஸ் வரும் வரைக்கும் அதுதான் அரிச்சுவடியும் சொல்லிக் கொடுத்தது. 2016இல் முதல் பெண் போர் விமானிகளாக வந்த அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூன்று பேரும் ஹக்கிம்பேட்டையில் கிரண் ஓட்டிவிட்டுத்தான் ஹாக்குக்குப் போனார்கள். இதைப் பேத்தியிடம் சொன்னபோதுதான் அவள் திரும்பி விமானத்தை ஒழுங்காகப் பார்த்தாள்.

கிரணின் இடத்துக்கு வர வேண்டிய சித்தாரா 2003 மார்ச்சில் பறந்தது. சுழன்று விழும் நிலையிலிருந்து மீள்வதில் அதற்குப் பிரச்சினை வந்து, வருஷக் கணக்காகத் திருத்தி, 2025இல் யஷஸ் என்று பேரும் மாற்றியிருக்கிறார்கள். அப்பனுக்கு ஓய்வு கொடுக்க மகன் இன்னும் வேலையில் சேரவில்லை. இந்தப் பேர்களைக் கவனித்தீர்களா? கிரண் என்றால் கதிர். தீபக் என்றால் விளக்கு. சித்தாரா நட்சத்திரம். இஸ்க்ரா என்றால் போலிஷ் மொழியில் தீப்பொறி. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் சொல்லிக் கொடுக்கிற விமானத்துக்கெல்லாம் வெளிச்சத்தின் பேர். சித்தாராவின் பேரை மாற்றியதில் எனக்கு வருத்தம்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். பார்த்துவிட்டு அலுவலகத்தில் ஒருவரைச் சந்தித்தேன். மரியாதையாகத்தான் பேசினார், மோர் கொடுத்தார். பலகை தப்பு என்றதும், "தெரியும்ங்கய்யா" என்றார். எனக்கு அதுதான் தூக்கிவாரிப்போட்டது. "2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகர்ல மிக்-21க்கு வழியனுப்பு விழா நடந்துச்சுல்ல, ஊரெல்லாம் அதையே பேசுச்சு. அந்தப் பேரைப் போட்டா பிள்ளைக நின்னு பார்க்குது. கிரண்னு போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

யாருக்கும் தெரியாது என்பது சரிதான். தெரியாததை எழுதத்தானே பலகை? மிக்-21இல் போய்ச் சாதித்தவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன்னால் இந்தத் தலைப்பிரட்டையின் இடது இருக்கையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். விமானம் கொடுத்தது விமானப்படை. அந்த விமானத்துக்கு ஒரு பேர் இருக்கிறது. பொறியியல் சொல்லிக் கொடுக்கும் இடத்தில், நம்மூரில் வரைந்து செய்த விமானத்தை வாசலில் நிறுத்தி, அதற்கு வெளிநாட்டு விமானத்தின் பேரை வைப்பது எனக்குச் செரிக்கவில்லை. மிக்-21ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை, அது வேற சாதி. உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் கலெக்டர் பேரைப் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

பலகை தவிர விமானத்தின் நிலையும் நன்றாக இல்லை. வலது பக்கக் காற்று வாயில் மைனா கூடு கட்டியிருக்கிறது. உள்ளே வைக்கோல் தெரிகிறது. கேனபி கண்ணாடி மஞ்சளடித்து, ஒரு மூலையில் விரிசல் விட்டிருக்கிறது. மழை பெய்தால் காக்பிட்டுக்குள் தண்ணீர் நிற்கும். இடது டயர் காற்றிறங்கி ரிம்மில் உட்கார்ந்திருப்பதால் மொத்த விமானமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு காற்று வாய்க்கும் புகைக்குழாய்க்கும் துளை போட்ட அலுமினியத் தகடு வெட்டி மூட வேண்டும், தண்ணீர் வடிய அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் குத்திவிட வேண்டும், டயரில் பாரம் ஏறாமல் மூன்று இரும்புத் தாங்கி செய்து உடம்பை அதன் மேல் நிறுத்த வேண்டும். தாங்கி எங்கே கொடுக்க வேண்டும் என்று கிரண் உடம்பிலேயே இடம் இருக்கிறது, கண்ட இடத்தில் முட்டுக் கொடுத்தால் தகடு நெளிந்துவிடும். திருமங்கலத்தில் டிரெய்லர் பாடி கட்டும் பட்டறையில் ஒரு நாள் வேலை. மைனாக் குஞ்சு பறந்த பிறகு ஆரம்பித்தால் போதும்.

பலகைக்கு வாசகமும் எழுதி வைத்திருக்கிறேன். "கிரண் மார்க் 1-ஏ. ஜெட் பயிற்சி விமானம். வடிவமைப்பும் தயாரிப்பும்: ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், பெங்களூர். முதல் பறப்பு 1964 செப்டம்பர் 4. இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பறக்கப் பழகியது." அவ்வளவுதான். கடைசி வரி வேண்டாம் என்றால் எடுத்துவிடட்டும்.

என் பேர் பேப்பரில் வேண்டாம், முன்னாள் விமானப்படை சார்ஜென்ட், தென்கரை என்று போட்டால் போதும். கடிதம் நீளம் என்று உங்களுக்குத் தோன்றினால் ஸ்க்ரூடிரைவர் கதையை வெட்டுங்கள், இன்ஜின் கதையை வெட்டாதீர்கள். கல்லூரிக்காரர்கள் இதைப் படித்தால், செவ்வாய், வியாழன் காலை எட்டு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன். பெயிண்ட்டும் தூரிகையும் நானே கொண்டுவருவேன். ஏணி மட்டும் அவர்கள் கொடுக்க வேண்டும், கீழே பிடித்துக்கொள்ள ஒரு பையனும்.

இப்படிக்கு,
முன்னாள் விமானப்படை சார்ஜென்ட்,
தென்கரை, சோழவந்தான் வழி,
மதுரை மாவட்டம்.